கிராண்டில் யார் பெயர்?

2024 ஜூன் மாதம் அப்பா ஒரு ஃபோர்வீல் வாங்கணும் என்றார். டீசல் விலை ஏறிய அதே வாரம். ஜூன் 10ஆம் தேதி, தீபகற்ப மலேசியாவில் லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசாக இருந்த டீசல் 3 வெள்ளி 35 காசானது. ஒரே இரவில் 1 வெள்ளி 20 காசு ஏற்றம். "எல்லாரும் விக்கப் பாக்குறாங்க, நீங்க வாங்கப் பாக்குறீங்களே" என்றேன். "எல்லாரும் விக்கும்போதுதாம்மா வெல கொறையும்" என்றார். லாரி ஓட்டியே ஓய்வு பெற்றவரிடம் வண்டி விஷயத்தில் வாய் கொடுத்து ஜெயித்ததில்லை.

எங்கள் வீடு கரங்கானில். கூலிம் மாவட்டம், பாடாங் செராயிலிருந்து உள்ளே வரவேண்டும். டப்ளின் தோட்டம், சுங்கை டிங்கின் தோட்டம் என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரு தோட்டத்தின் பெயர்ப்பலகை வந்துவிடும். அப்பா ஊழியர் சேமநிதிப் பணத்தில் நான்கு ஏக்கர் செம்பனை வாங்கிப் போட்டிருக்கிறார். பக்கத்திலேயே பெரியப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஆளுக்கு ஆறு ஏக்கர். குலைகளை ஏற்ற லாரிக்காரரை நம்பியிருந்தோம். மழைக்காலத்தில் செம்மண் பாதைக்குள் லாரி வராது. வெட்டிய குலை மூன்று நாள், நான்கு நாள் அப்படியே கிடக்கும். குலை கிடக்கக் கிடக்க எண்ணெயில் அமிலம் கூடும். வெட்டிய 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேர்வதுதான் நல்லது என்பார்கள். தாமதமானால் தரம் குறையும், விலையும் குறையும்.

நான் கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். பெர்லிஸ் பல்கலைக்கழகத்தில் படித்தேன். எதையும் எக்செல்லில் போட்டுப் பார்க்காமல் முடிவெடுக்க மாட்டேன் என்று வீட்டில் கிண்டல் செய்வார்கள். அப்பாவின் ஃபோர்வீலையும் அப்படித்தான் போட்டேன்.

மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, வங்கிக் கடனில் புதிய பிக்கப். இரண்டாவது, 2011ஆம் ஆண்டு ஹைலக்ஸ் 2.5, நான்கு சக்கர இயக்கம், மேனுவல் கியர், ரொக்கம் 38,000 வெள்ளி. மூன்றாவது, நம்மூரில் எல்லாருக்கும் தெரிந்த சம்போங் பாயார். வேறொருவர் பெயரில் இருக்கும் வங்கிக் கடனை நாம் தொடர்ந்து கட்டுவது. வண்டி நம்மிடம் இருக்கும், கிராண்ட் அவர் பெயரில் இருக்கும். முன்பணம் மிகக் குறைவு. கையில் இருக்கும் காசை மட்டும் பார்த்தால் மூன்றாவது வழிதான் சிறந்தது என்றது என் எக்செல்.

அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கிராண்டு யார் பேர்ல இருக்கும்?"

"அது ஒரு ஃபார்மாலிட்டிப்பா. வண்டி நம்மகிட்டதானே இருக்கப்போவுது."

அவர் பதில் சொல்லவில்லை. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, நான் அதுவரை கேட்டிராத ஒரு கதையைச் சொன்னார்.

தாத்தா கரங்கான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் துரையின் லேண்ட்ரோவரை ஓட்டியவர். அது எனக்குத் தெரியும். காக்கிச் சட்டையில் வண்டியின் மேல் கைவைத்து நிற்கும் படம் ஒன்று வீட்டில் இருக்கிறது. 1966இல் ஓர் இரவு பாட்டிக்குப் பிரசவ வலி. தோட்டத்து மருத்துவச்சி கைவிரித்துவிட்டார். தாத்தா பங்களாவுக்கு ஓடிப்போய்க் கேட்க, துரை மறுக்காமல் வண்டியைக் கொடுத்தார். கூலிம் ஆஸ்பத்திரிக்குப் போக வர முப்பது மைல். அங்கே பிறந்தவர்தான் அப்பா. மாதக் கடைசியில் கிராணி சம்பளப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். தோட்ட வண்டியைச் சொந்த வேலைக்கு எடுத்தால் மைலுக்கு 20 காசு. முப்பது மைலுக்கு 6 வெள்ளி பிடித்தம். தாத்தாவுக்கு அது இரண்டு நாள் கூலி.

"தொர நல்லவருதான். வண்டியும் குடுத்தாரு, கணக்கும் குடுத்தாரு. நான் ஆறு வெள்ளி கடனோட பொறந்தவன்" என்று சிரித்தார். கொஞ்சம் நேரம் கழித்து, "உங்க தாத்தா அந்த வண்டிய தினம் கழுவுவாரு. அவரு ஓட்டாத நாளே கெடையாது. ஆனா அவரு வண்டி இல்லயே" என்றார்.

அன்றிரவு எக்செல்லை மூடிவிட்டு லேண்ட்ரோவரைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். என் குடும்பத்தின் முதல் 'ரன்னிங் காஸ்ட்' கணக்கு மைலுக்கு 20 காசு என்றால், அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது.

லேண்ட்ரோவர் போர் முடிந்த பஞ்சத்தில் பிறந்த வண்டி. இங்கிலாந்தின் ரோவர் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த மோரிஸ் வில்க்ஸ், தன் பண்ணையில் போரில் மிஞ்சிய அமெரிக்க ஜீப் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். அதைப்போல ஒன்றை நாமே செய்தால் என்ன என்று தொடங்கியது அந்த வேலை. அப்போது பிரிட்டனில் எஃகுக்குப் பங்கீடு. அதனால் உடலை அலுமினியக் கலவையில் செய்தார்கள். முதல் வண்டிகளுக்கு அடித்த பச்சை நிறம், ராணுவத்தில் மிஞ்சிப்போன சாயம். 1948 ஏப்ரல் 30ஆம் தேதி ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமானது.

ஏறக்குறைய ஏழு வாரம் கழித்து, 1948 ஜூன் 16ஆம் தேதி, பேராக்கின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் தொடங்கியது. 1960 வரை பன்னிரண்டு ஆண்டுகள். தோட்டத்துரைகள் தங்கள் வண்டிகளுக்கு இரும்புத்தகடு அடித்துக்கொண்டு நடமாடிய காலம் அது. பிரிட்டிஷ் ராணுவமும் மலாயாவில் லேண்ட்ரோவரைப் பயன்படுத்தியது. மலாயாவின் செம்மண் பாதைகளுக்கும் ரப்பர்க்காட்டு மேடுகளுக்கும் ஏற்ற வண்டி, மலாயாவின் நிர்வாகிகள் உயிருக்குப் பயந்த அதே ஆண்டில் சந்தைக்கு வந்தது தற்செயல்தான். ஆனால் அந்தத் தற்செயல் ஒரு பழக்கத்தை விட்டுச்சென்றது. தோட்டத்தில் நான்கு சக்கர இயக்கம் கொண்ட வண்டி என்றால் அது துரையின் வண்டி. மற்றவர்களுக்கு லாரியின் பின்பக்கம், டிராக்டரின் டிரெய்லர், சைக்கிள், இல்லாவிட்டால் நடை.

முதலில் வந்தவை பெட்ரோல் வண்டிகள். 1957இல்தான் லேண்ட்ரோவரில் டீசல் எஞ்சின் வந்தது. இரண்டு லிட்டர், ஐம்பது குதிரைத்திறன் அளவுக்குத்தான். வேகம் கிடையாது. ஆனால் மேட்டில் முனகாமல் ஏறும். பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி வைத்து எரிக்கிறோம். டீசல் எஞ்சினில் காற்றை மட்டும் மிகக் கடுமையாக அழுத்தி, அந்த வெப்பத்தில் எண்ணெயைப் பீய்ச்சுகிறோம். அழுத்தம் கூடினால் அதே எண்ணெயிலிருந்து அதிக வேலை கிடைக்கும். ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிட ஆற்றலும் கூடுதல். குறைந்த சுற்றிலேயே இழுவை கிடைப்பதால், சேற்றில் ஊர்ந்துபோகும் வண்டிக்கு டீசல் பொருந்தும்.

தோட்டத்துக்கு இன்னொரு வசதியும் இருந்தது. டிராக்டர் டீசலில் ஓடியது. மின்சாரம் தரும் ஜெனரேட்டரும் டீசலில் ஓடியது. வண்டிக்கும் அதே தொட்டியிலிருந்து ஊற்றிக்கொள்ளலாம். அப்பாவின் சின்ன வயதில் லயத்துக்கு மாலை ஆறரைக்கு விளக்கு வரும், பத்து மணிக்கு நின்றுவிடும். "பத்து மணிக்கு மேல படிக்கணும்னா மண்ணெண்ண வெளக்குதான்" என்பார். பங்களாவில் மட்டும் விளக்கு அணையாது. ஒரே தொட்டியின் டீசல்தான். லயத்துக்கு மணிக்கணக்கு, லேண்ட்ரோவருக்கு மைல் கணக்கு. பங்களாவுக்கு என்ன கணக்கு என்று யாரும் கேட்டதில்லை.

இந்த இடத்தில் நிலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றுவிட்டுப் போயின. வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்க, ஆயிரக்கணக்கான தோட்டத் தமிழர்கள் வேலையும் வீடும் இழந்தார்கள். அதைத் தடுக்கத்தான் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளியாகப் பங்குப் பணம் கட்டினார்கள். எங்கள் கூலிம் பக்கத்துப் புக்கிட் சிடிம் தோட்டத்தையும் சங்கம் வாங்கியது. தலைமுறையாக மரம் வெட்டியவர்கள் தங்கள் பெயரை நிலத்தோடு சேர்த்து எழுதிக்கொள்ள அது ஒரு வழி. தாத்தாவும் பங்கு கட்டினார் என்று அப்பா சொல்கிறார். வண்டி மட்டும் கடைசிவரை வரவில்லை.

வண்டி எங்கள் கைக்கு வந்தது ஜப்பான் வழியாக. டொயோட்டாவின் ஹைலக்ஸ் 1968இல் பிறந்தது. 1979இல் அதற்கு நான்கு சக்கர இயக்கம் வந்தது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ரப்பர் சாய்ந்து செம்பனை எழுந்தபோது, தோட்டங்கள் நேரடி வேலையாட்களைக் குறைத்துக் குத்தகைக்கு விட ஆரம்பித்தன. உரம் போட ஒரு குத்தகையாளர், மருந்தடிக்க ஒருவர், குலை ஏற்ற ஒருவர். இந்தக் குத்தகையாளர்களுக்கு ஒரு வண்டி தேவைப்பட்டது. ஆளையும் ஏற்ற வேண்டும், மூட்டையையும் ஏற்ற வேண்டும், சேற்றிலும் போக வேண்டும். நம் நாட்டில் பிக்கப்பைச் சரக்கு வண்டி என்று வகைப்படுத்துவதால், கார்களுக்கு விதிக்கும் கலால் வரி அதற்கு இல்லை. அதே எஞ்சின் கொண்ட ஜீப்பைவிடப் பிக்கப் பல ஆயிரம் வெள்ளி மலிவு. மலிவான டீசல், மலிவான வரி இரண்டும் சேர்ந்துதான் துரையின் வண்டியைக் குத்தகையாளரின் வண்டியாக்கின.

டீசல் மலிவாக இருந்ததற்குக் காரணம் அரசாங்க உதவித்தொகை. அது ஆட்டம் கண்ட முதல் பெரிய நாள் எனக்கு நினைவிருக்கிறது. 2008 ஜூன் 5. டீசல் 1 வெள்ளி 58 காசிலிருந்து 2 வெள்ளி 58 காசுக்குத் தாவியது. முந்தின இரவு எண்ணெய் நிலையங்களில் வண்டிகள் சாலைவரை நின்றன. நான் ஐந்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். அப்பா லாரியை அந்த வரிசையில் போட்டுவிட்டு நள்ளிரவில்தான் வீட்டுக்கு வந்தார். பிறகு விலை இறங்கியது. 2014 டிசம்பர் 1 முதல் உதவித்தொகை நீக்கப்பட்டு உலக விலையோடு ஏறி இறங்கியது. அதன்பின் மறுபடி கட்டுப்பாடு வந்தது. 2021இலிருந்து 2 வெள்ளி 15 காசில் நின்றது. 2024இல் அதுவும் போனது.

பழைய முறையில் உதவித்தொகை எண்ணெய்க் குழாயிலேயே இருந்தது. யார் ஊற்றினாலும் கிடைக்கும். அதிகம் ஊற்றுபவருக்கு அதிகம் கிடைக்கும். நாலு ஏக்கர்காரருக்கும் கிடைத்தது, சொகுசு ஜீப் வைத்திருப்பவருக்கும் கிடைத்தது, எல்லை தாண்டிக் கடத்துபவருக்கும் கிடைத்தது. புதிய முறையில் குழாயில் எதுவும் இல்லை. 2024இல் தகுதியுள்ளவர்களுக்குப் 'புடி மடானி' திட்டத்தில் மாதம் 200 வெள்ளி வங்கிக் கணக்குக்கு வந்தது. தனியாள் என்றால் ஆண்டு வருமானம், கணவன் மனைவி சேர்த்து, ஒரு லட்சம் வெள்ளிக்கு மேல் போகக்கூடாது. டீசல் வண்டி விண்ணப்பிப்பவரின் பெயரில் பதிவாகி, சாலை வரி உயிரோடு இருக்க வேண்டும். அதாவது உதவி லிட்டரிலிருந்து பெயருக்கு மாறிவிட்டது.

இதைப் படித்தபோதுதான் அப்பாவின் கேள்வி உறைத்தது. எக்செல்லைத் திரும்பவும் திறந்தேன்.

ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டேன். அந்த ஹைலக்ஸ் லிட்டருக்கு 11 கிலோமீட்டர் கொடுக்கும் என்றால், 1,091 லிட்டர். பழைய விலையில் 2,345 வெள்ளி. புதிய விலையில் 3,655 வெள்ளி. கூடுதல் செலவு 1,310 வெள்ளி. பெயர் இருந்தால் வரும் உதவி ஆண்டுக்கு 2,400 வெள்ளி. குறைவாக ஓட்டுகிற, சொந்தப் பெயரில் வண்டி வைத்திருக்கிற ஆளுக்குப் புதிய முறை நஷ்டமே இல்லை. மாதம் 166 லிட்டருக்கு மேல் ஊற்றினால்தான் உதைக்கும். சம்போங் பாயாரில் ஓட்டுகிறவர் அன்றைய 3 வெள்ளி 35 காசும் கொடுப்பார், 200 வெள்ளியும் அவருக்கு வராது. விண்ணப்பிக்கும் உரிமை கிராண்டில் பெயர் உள்ளவருக்குத்தான்.

டீசலோடு மற்றவற்றையும் சேர்த்தேன். காப்புறுதியும் சாலை வரியும் 1,500. எஞ்சின் எண்ணெய், ஃபில்டர்கள் 500. டயர் தேய்மானம் 400. பழைய வண்டி என்பதால் பழுதுக்கு ஒதுக்கீடு 1,500. மொத்தம் 7,555 வெள்ளி. கிலோமீட்டருக்கு 63 காசு. உதவித்தொகையைக் கழித்தால் 5,155 வெள்ளி, கிலோமீட்டருக்கு 43 காசு.

வரவுப் பக்கம், எங்கள் நான்கு ஏக்கரில் ஆண்டுக்கு ஏறக்குறைய 28 டன் குலை. பெரியப்பா, சித்தப்பா நிலத்தில் 86 டன். லாரிக்கு டன்னுக்கு 50 வெள்ளி கொடுத்துவந்தோம். மூன்று குடும்பமும் சேர்ந்து அந்தப் பணத்தை இந்த வண்டியின் செலவில் போட்டால் 5,700 வெள்ளி. பெயர் இருந்தால் 545 வெள்ளி மிஞ்சும். பெயர் இல்லாவிட்டால் 1,855 வெள்ளி கையைக் கடிக்கும். வண்டியின் விலை தேய்வதை இதில் சேர்க்கவில்லை. அப்பா தன் பழைய காரை விற்றுவிட்டார். குலை ஏற்றாத ஓட்டமெல்லாம் அந்தக் கார் ஓட வேண்டிய ஓட்டம் என்பதால் அதையும் இதையும் ஈடாக வைத்துக்கொண்டேன். கறாரான கணக்குப்பிள்ளை ஒப்புக்கொள்ள மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

இரண்டாவது வழியைத் தேர்ந்தோம். புதிய வண்டியை விட்டதற்குக் கடன் மட்டும் காரணமில்லை. இப்போதைய டீசல் வண்டிகள் சிலவற்றில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. பிடித்த கரியை எரித்துத் தள்ள அதற்கு நெடுஞ்சாலையில் நல்ல சூட்டில் ஓட்டம் வேண்டும். செம்பனைக்குள் ஊர்ந்து போய் ஊர்ந்து வரும் வண்டியில் அது அடைத்துக்கொள்ளும். பழைய ஹைலக்ஸில் அந்தத் தொல்லை இல்லை. வேறு தொல்லைகள் உண்டு. 150,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டைமிங் பெல்ட்டை மாற்ற வேண்டும். முந்தைய உரிமையாளர் மாற்றினாரா என்று ரசீது கேட்டோம், இல்லை. வாங்கிய வாரமே மாற்றினோம். 2019இலிருந்து நம் டீசலில் பத்து விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து செய்தது. அது பழைய தொட்டியின் அழுக்கைக் கரைத்துக்கொண்டு வரும் என்பதால் எரிபொருள் ஃபில்டரையும் மாற்றினோம். நாங்கள் ஏற்றிப்போகும் குலை எப்படியோ சுற்றி எங்கள் தொட்டிக்கே வருகிறது என்று சொன்னபோது அப்பா நம்பவில்லை. முக்கால் டன்னுக்கு மேல் ஏற்றக்கூடாது, தார்ச்சாலையில் நான்கு சக்கர இயக்கத்தைப் போடக்கூடாது என்று இரண்டு நிபந்தனை வைத்தேன். இரண்டாவதை எனக்கு முன்பே தாத்தா சொல்லிக் கொடுத்துவிட்டாராம்.

புஸ்பாகோம் சோதனை முடிந்து பெயர் மாற்றும் நாளில் நானும் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். அப்பா கோயிலுக்குப் போடும் சட்டையைப் போட்டு வந்தார். ஜே.பி.ஜே. முகப்பில் கட்டைவிரலைக் கருவியில் வைத்தார். வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

இப்போது ஓர் ஆண்டுக்கு மேல் ஆகிறது. என் கணக்கில் இரண்டு தவறு. லிட்டருக்கு 11 கிலோமீட்டர் என்று போட்டேன், பத்தரைதான் கொடுக்கிறது. பழுதுக்கு 1,500 போட்டேன், ஒரு இன்ஜெக்டர் மட்டுமே அதில் பாதியைத் தின்றுவிட்டது. ஒன்று சரியாக வந்தது. சென்ற மழைக்காலத்தில் ஒரு குலைகூடக் காட்டில் அழுகவில்லை.

எங்கள் கரங்கானில் இன்னமும் அடுத்தவர் பெயரில் பிக்கப் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மாதத் தவணையை இவர்கள் கட்டுகிறார்கள், டீசலை முழு விலைக்கு இவர்கள் ஊற்றுகிறார்கள். வங்கி வந்து வண்டியை இழுத்தாலும் இவர்களால் வாய் திறக்க முடியாது. ஏமாளித்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். வங்கி கடன் தராத ஆளுக்கு வேறு வழி என்ன? ஆனால் புதிய பிக்கப் விளம்பரத்தில் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்க்கும் நாம், ஓட்டுகிறவரும் பெயருள்ளவரும் ஒருவர்தானா என்ற கேள்வியைச் செலவுக் கணக்கின் முதல் வரியில் போடவேண்டும் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் அதைக் கண்டுபிடிக்க 1966இலிருந்து 2024 வரை ஆயிற்று.

போன மாதம் பாட்டியைக் கூலிம் ஆஸ்பத்திரிக்குக் கண் சோதனைக்குக் கூட்டிப்போனோம். அப்பாதான் ஓட்டினார். திரும்பும் வழியில், "இப்பப் போய்ட்டு வர்றதுக்கு உன் கணக்குல எவ்வளவு?" என்றார். முப்பது மைல், 48 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 43 காசு. கைப்பேசியில் தட்டிப் பார்த்தேன்.

"20 வெள்ளி 64 காசு."

இன்றைய குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளியை நாளுக்குப் பிரித்தால் ஏறக்குறைய 65 வெள்ளி. ஒரு நாள் கூலியில் மூன்றில் ஒரு பங்கு. தாத்தாவுக்கு இரண்டு நாள் கூலியாக இருந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பின்னால் உட்கார்ந்திருந்த பாட்டி, "யாருகிட்டடா கட்டணும்?" என்று கேட்டார்.

"யாருகிட்டயும் இல்லம்மா. நம்ம வண்டி" என்றார் அப்பா.